எலிசபெத் ஃபிரை

எலிசபெத் ஃபிரை (பிறப்பு: மே 21, 1780 - இறப்பு: அக்டோபர் 12, 1845) இங்கிலாந்தைச் சேர்ந்த சிறைச் சீர்திருத்தவாதியும் குவேக்கர் சமயப் போதகரும் ஆவார். லண்டனின் நியூகேட் சிறையில் இருந்த பெண் கைதிகளிடையே 1817 ஆம் ஆண்டில் இவர் தொடங்கிய பணி, பிரித்தானியாவில் மட்டுமன்றி ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் வட அமெரிக்காவிலும் பின்பற்றப்பட்டது. தண்டனைக்குள்ளான பெண்களைப் பெண் அலுவலர்களே மேற்பார்வையிட வேண்டும் என்பதும், அம்மேற்பார்வை கைதிகளின் ஒப்புதலோடும் உழைப்போடும் நடைபெற வேண்டும் என்பதும், சிறைக்கதவைத் தாண்டிய பின்னரும் அது தொடர வேண்டும் என்பதும் இவர் வலியுறுத்திய கொள்கைகள் ஆகும். நன்னடத்தைக் கண்காணிப்பு, பரோல் ஆகிய முறைகள் சட்டமாவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே, அவற்றின் அடிப்படைகள் சிலவற்றை இவர் நடைமுறையில் செய்து பார்த்தார்.

இளமைக் காலம்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலுள்ள நாரிச் நகரில் எலிசபெத் கர்னி என்ற பெயருடன் இவர் பிறந்தார். தந்தை ஜான் கர்னி கம்பளி வணிகத்திலும் வங்கித் தொழிலிலும் ஈடுபட்டிருந்த செல்வந்தர். தாயார் கேத்தரின் பெல், வங்கித் தொழிலில் புகழ்பெற்ற பார்க்ளே குடும்பத்தின் உறவினர். 1786 இல் குடும்பம் நாரிச்சுக்கு வெளியே இருந்த எர்ல்ஹாம் மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. எலிசபெத்துக்கு 12 வயதாக இருந்தபோது, 1792 இல், தாயார் காலமானார். அதன் பின்னர் இளைய தம்பி தங்கைகளை வளர்க்கும் பொறுப்பில் இவருக்கும் பங்கு ஏற்பட்டது.

கர்னி குடும்பத்தினர் குவேக்கர் சமயக் குழுவைச் சேர்ந்தவர்கள். ஆனால் அக்குழுவின் எளிய உடை, எளிய பேச்சு முதலிய கட்டுப்பாடுகளை அவர்கள் கடுமையாகக் கடைப்பிடிக்கவில்லை. இசையும் நடனமும் அவ்வீட்டில் விலக்கப்படவில்லை. 1798 பெப்ரவரியில் அமெரிக்கக் குவேக்கர் போதகரான வில்லியம் சாவரி நாரிச்சில் ஆற்றிய உரை, அப்போது 17 வயதாயிருந்த எலிசபெத்தின் மனத்தில் ஆழ்ந்த மாற்றத்தை ஏற்படுத்தியது. நாளடைவில் இவர் எளிய குவேக்கர் உடைக்கு மாறினார். ஏழைகளுக்கும் நோயுற்றோருக்கும் உதவுவதிலும், சுற்றுப்புறச் சிறுவர்களுக்கு எர்ல்ஹாமில் ஞாயிற்றுக்கிழமைகளில் எழுத்தறிவிப்பதிலும் ஈடுபட்டார்.

திருமணமும் குடும்பமும்

1800 ஆகஸ்டு 19 அன்று எலிசபெத், லண்டன் வணிகரும் வங்கியாளருமான ஜோசப் ஃபிரையை மணந்தார். அவரும் குவேக்கரே. தம்பதியர் முதலில் லண்டன் நகரின் மில்ட்ரெட்ஸ் கோர்ட் என்னும் இடத்திலும், 1809 முதல் ஈஸ்ட் ஹாமில் இருந்த பிளாஷெட் இல்லத்திலும் வாழ்ந்தனர். 1801 க்கும் 1822 க்கும் இடையில் இவர்களுக்கு 11 குழந்தைகள் பிறந்தனர். 1811 இல் எலிசபெத் குவேக்கர் சமயக் குழுவின் போதகராக ஏற்றுக்கொள்ளப்பட்டார். பெண்கள் பொது இடத்தில் உரையாற்றுவதைப் பிற கிறித்தவத் திருச்சபைகள் பெரும்பாலும் ஏற்காத அக்காலத்தில், குவேக்கர்கள் அதற்கு இடமளித்தனர். பிற்காலத்தில் கைதிகள் முன்னும் நாடாளுமன்றக் குழுக்கள் முன்னும் தயக்கமின்றிப் பேச இந்தப் பழக்கம் இவருக்குத் துணைநின்றது.

நியூகேட் சிறை

1813 இல் பிரெஞ்சு நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய குவேக்கர் போதகரான ஸ்டீபன் கிரெல்லெட், நியூகேட் சிறையின் பெண்கள் பகுதியைப் பார்வையிட்டார். அங்கே கண்ட நிலைமையை அவர் எலிசபெத்திடம் எடுத்துரைத்தார். இவர் உடனே கம்பளித் துணியில் குழந்தைகளுக்கான உடைகளைத் தைக்கச் செய்து, அன்னா பக்ஸ்டன் என்பவருடன் சிறைக்குச் சென்றார்.

ஏறத்தாழ 300 பெண்களும் அவர்களுடைய குழந்தைகளும் அங்கு மிகக் குறுகிய இடத்தில் அடைக்கப்பட்டிருந்தனர். விசாரணையை எதிர்நோக்கி இருந்தவர்கள், சிறு திருட்டுக்காகத் தண்டனை பெற்றவர்கள், தூக்குத் தண்டனைக்குக் காத்திருந்தவர்கள் ஆகிய அனைவரும் ஒன்றாகவே வைக்கப்பட்டிருந்தனர். சமைப்பதும் துவைப்பதும் உறங்குவதும் ஒரே இடத்தில் நடைபெற்றன. பலருக்குப் படுக்கை இல்லை. காசு கொடுத்தால் சிறைக்குள்ளேயே மது கிடைத்தது. பார்வையாளர் வந்தால் கம்பிக் கதவின் வழியே கைநீட்டிப் பிச்சை கேட்டு, கிடைத்த காசுக்காகச் சண்டையிட்டனர். சிறைத் தலைவரே துணையின்றி அப்பகுதிக்குள் செல்லத் தயங்கினார்.

எலிசபெத்தின் பணி அப்போது தொடரவில்லை. அடுத்த மூன்று ஆண்டுகளில் மகப்பேறுகளும் குடும்பத்தின் பொருள் நெருக்கடியும் இவரை வீட்டில் நிறுத்தின. 1815 நவம்பரில் ஏறத்தாழ ஐந்து வயதான மகள் இறந்தாள். இத்துயரத்திற்குப் பின்னர், 1816 இறுதியில் இவர் மீண்டும் நியூகேட்டுக்குச் சென்றார்.

ஒப்புதலுடன் அமைந்த விதிகள்

இரண்டாம் முறை சென்றபோது எலிசபெத் முதலில் பேசியது கைதிகளின் குழந்தைகளைப் பற்றியே ஆகும். சிறையில் தாயுடன் வளரும் குழந்தைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கலாமா என்று அவர் அப்பெண்களிடம் கேட்டார். அவர்கள் ஆவலுடன் ஒப்புக்கொண்டனர். ஆசிரியரையும் அவர்களே தெரிவு செய்தனர். கைக்கடிகாரம் ஒன்றைத் திருடியதற்காகச் சிறைக்கு வந்திருந்த மேரி கானர் என்ற இளம்பெண் அப்பொறுப்பை ஏற்றார். இடமில்லை என்று தட்டிக்கழித்த அதிகாரிகள் பின்னர் வெற்றாக இருந்த ஓர் அறையை ஒதுக்கினர். குழந்தைகளுக்கான அப்பள்ளியில் இடம் கேட்டு வளர்ந்த பெண்களும் நெருக்கியடித்தனர்.

1817 ஏப்ரலில் எலிசபெத்தும் வேறு பதினொரு பெண்களும் சேர்ந்து நியூகேட் பெண் கைதிகளின் மேம்பாட்டுக்கான சங்கத்தை அமைத்தனர். ஒரு பாதிரியாரின் மனைவியைத் தவிர ஏனையோர் குவேக்கர்கள். கைதிகளுக்கு உடை வழங்குதல், எழுத்தறிவித்தல், தையல், பின்னல் வேலைகளைக் கொடுத்தல், விவிலிய வாசிப்பு, ஒழுங்கு ஆகியவை சங்கத்தின் நோக்கங்களாக இருந்தன. நகர நிர்வாகத்தினரும் சிறை அதிகாரிகளும் இம்முயற்சியை வரவேற்றாலும், இது வெற்றிபெறும் என நம்பவில்லை. பெண்கள் துணிகளைத் திருடிவிடுவர், கட்டுப்பாட்டுக்கு உட்பட மாட்டார்கள் என்பதே பொதுவான கருத்தாக இருந்தது.

இக்கட்டத்தில் எலிசபெத் கையாண்ட முறையே அவருடைய பணியின் சிறப்பியல்பாகக் கருதப்படுகின்றது. அதிகாரிகளின் முன்னிலையில் பெண் கைதிகள் அனைவரும் கூட்டப்பட்டனர். முன்மொழியப்பட்ட விதிகள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. அவர்களுடைய இசைவின்றி எந்த விதியும் நடைமுறைக்கு வராது என்று அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு விதிக்கும் பெண்கள் கையை உயர்த்தி ஒப்புதல் அளித்தனர்.

விதிகளின் சுருக்கம் பின்வருமாறு:

சிறையின் பெண்கள் பகுதி முழுவதையும் மேற்பார்வையிட ஊதியம் பெறும் ஒரு பெண் மேற்பார்வையாளர் நியமிக்கப்படுவார்.
பெண்கள் தையல், பின்னல் முதலிய வேலைகளில் ஈடுபடுவர். செய்த வேலைக்குத் துல்லியமான கணக்கு வைக்கப்படும்.
பிச்சை கேட்டல், வசைமொழி, சூதாட்டம், சீட்டாட்டம், சண்டை ஆகியவை கூடா.
பன்னிருவருக்கு மிகாத குழுக்களாகப் பெண்கள் பிரிக்கப்படுவர். ஒவ்வொரு குழுவுக்கும் வாசிக்கத் தெரிந்த, ஒழுங்குள்ள கைதி ஒருவர் தலைவியாக இருப்பார். தலைவியே விதியை மீறினால் அவருக்குப் பதில் வேறொருவர் தெரிவு செய்யப்படுவார்.
உறவினர் காண வரும்போது அழைத்துச் செல்லவும் முற்றத்தின் ஒழுங்கைக் கவனிக்கவும் கைதிகளில் ஒருவர் முற்றக் காவலராக இருப்பார்.
காலையிலும் மாலையிலும் மணி அடித்ததும் அனைவரும் கூடி விவிலிய வாசிப்பைக் கேட்பர்.

இவ்விதிகளில் விலங்கோ கசையடியோ இடம்பெறவில்லை. தைத்த உடைகள் ஆத்திரேலியக் குடியேற்றங்களுக்கு அனுப்பும் வணிகர்கள் மூலம் விற்கப்பட்டன. வருமானத்தில் ஒரு பகுதியைப் பெண்கள் உடனே செலவிடலாம். தேநீர், சர்க்கரை போன்றவற்றை விற்கும் சிறு கடை ஒன்று சிறைக்குள்ளேயே நடத்தப்பட்டது. மற்றொரு பகுதி விடுதலை நாளுக்காகச் சேமிக்கப்பட்டது. சில வாரங்களில் லண்டன் மாநகர முதல்வரும் நகர்மன்றத்தினரும் வந்து பார்வையிட்டனர். மேற்பார்வையாளரின் ஊதியத்தில் ஒரு பங்கை ஏற்க நகர நிர்வாகம் முன்வந்தது. இவ்வாறு தன்னார்வலர் தொடங்கிய ஒரு பொறுப்பு அரசு அமைப்பின் பதவியாக மாறத் தொடங்கியது.

பள்ளி ஆசிரியையாக இருந்த மேரி கானர் பின்னர் மன்னிப்புப் பெற்றார். எனினும் காசநோயினால் விரைவிலேயே இறந்தார்.

1818 பெப்ரவரி 27 அன்று லண்டன் சிறைகளை ஆராய்ந்த மக்களவைக் குழுவின் முன் எலிசபெத் சாட்சியம் அளித்தார். இத்தகைய நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்த முதற் பெண்களுள் ஒருவராக இவர் குறிப்பிடப்படுகின்றார். பெண் கைதிகளுக்குத் தனிச்சிறை வேண்டும், அதன் அலுவலர்கள் பெண்களாக இருக்க வேண்டும், வேலை கட்டாயம் வேண்டும் என்பன அவர் குழுவிடம் முன்வைத்த கருத்துகளாகும்.

தூக்குத் தண்டனையும் எதிர்ப்பும்

அக்காலத்தில் இங்கிலாந்துச் சட்டத்தில் 200 க்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்க இடமிருந்தது. போலி வங்கித்தாளைப் புழக்கத்தில் விடுவதும் அவற்றுள் ஒன்று. 1797 இல் இங்கிலாந்து வங்கி தன் தாள்களுக்குப் பொன் வழங்குவதை நிறுத்திச் சிறிய மதிப்புள்ள தாள்களை வெளியிட்ட பின்னர் போலித்தாள்கள் பெருகின. அவற்றைக் கடைகளில் மாற்றிய எளிய மக்கள் பலர் தண்டனைக்குள்ளாயினர்.

1818 இல் ஹாரியட் ஸ்கெல்டன் என்ற பெண் இக்குற்றத்துக்காக நியூகேட்டில் மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்தார். சிறையில் அவருடைய நடத்தை நல்ல முறையில் இருந்தது. எலிசபெத் அவருக்காக அரச குடும்பத்தைச் சேர்ந்த குளோஸ்டர் கோமகனின் உதவியை நாடினார். வங்கியிடமும் உள்துறை அமைச்சர் சிட்மவுத் பிரபுவிடமும் முறையிட்டார். முறையீடுகள் ஏற்கப்படவில்லை. 1818 ஏப்ரலில் ஸ்கெல்டன் தூக்கிலிடப்பட்டார். இதனால் எலிசபெத்துக்கும் சிட்மவுத்துக்கும் இடையே இருந்த உறவு முறிந்தது. பெண்களின் சங்கம் அரசின் நீதி நிர்வாகத்தில் தலையிடுகின்றது என்ற குறை எழுந்தது.

கைதிகளின் நம்பிக்கையைப் பெற்ற ஒருவருக்கு அவர்களுடைய தண்டனையை மாற்றும் அதிகாரம் இல்லை என்பதை இந்நிகழ்வு வெளிப்படுத்தியது. இதன் பின்னரும் எலிசபெத் மரண தண்டனைக்கு எதிராகத் தொடர்ந்து பேசினார். போலித்தாள் குற்றங்களுக்கான மரண தண்டனை 1830 களில் படிப்படியாக நீக்கப்பட்டது.

நாடுகடத்தல் கப்பல்கள்

தண்டனை பெற்ற பெண்கள் பலர் நியூ சவுத் வேல்சுக்கும் வான் டீமன் நிலத்துக்கும் (இன்றைய தாஸ்மானியா) நாடுகடத்தப்பட்டனர். புறப்படுவதற்கு முந்தைய இரவில் நியூகேட்டில் பெருங்கலகம் நிகழ்வது வழக்கமாக இருந்தது. பொருள்கள் உடைக்கப்பட்டன, தீ மூட்டப்பட்டது. மறுநாள் பெண்கள் விலங்கிடப்பட்டுத் திறந்த வண்டிகளில் கூட்டத்தின் ஏளனத்துக்கிடையே ஆற்றுத்துறைக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

1818 இல் மரியா என்னும் கப்பலில் அனுப்பப்பட்ட பெண்கள் மூடிய வாடகை வண்டிகளில் செல்ல எலிசபெத் இசைவு பெற்றார். அவர்களுடன் தாமும் சங்கத்தினரும் துறைவரை வருவதாக வாக்களித்தார். அம்முறை கலகம் ஏற்படவில்லை. கப்பலிலும் பெண்கள் பன்னிருவர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கப்பட்டுத் தங்கள் தலைவியரைத் தாங்களே தெரிவு செய்தனர். நான்கு மாதங்களுக்கும் மேலாக நீளக்கூடிய பயணத்தில் வேலையின்றி இருக்கலாகாது என்பதற்காக ஊசி, நூல், ஒட்டுத்துணித் துண்டுகள் ஆகியவை ஒவ்வொருவருக்கும் வழங்கப்பட்டன. அவற்றால் தைத்த போர்வைகளை வழித்துறைமுகத்திலோ குடியேற்றத்திலோ விற்றுத் தொடக்கச் செலவுக்குப் பணம் பெறலாம். 1818 முதல் 1843 வரையான காலத்தில் 106 கப்பல்களும் அவற்றிற் சென்ற ஏறத்தாழ 12,000 பெண்களும் எலிசபெத்தும் அவருடைய குழுவினரும் ஆற்றிய இப்பணியின் கீழ் வந்ததாகக் கணக்கிடப்படுகின்றது.

கரையிறங்கிய பின்னர் இப்பெண்களின் நிலை என்ன என்ற வினாவும் எழுந்தது. நியூ சவுத் வேல்சின் பாராமட்டாவில் பகலில் அரசுத் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்களுக்கு இரவில் தங்க இடம் அளிக்கப்படவில்லை. வாடகைக்குப் பணம் தேட அவர்கள் தவறான வழிகளுக்குத் தள்ளப்பட்டனர். அங்கிருந்த பாதிரியார் சாமுவேல் மார்ஸ்டன் 1819 இல் இதனை எலிசபெத்துக்கு எழுதித் தெரிவித்தார். எலிசபெத் இச்செய்தியை லண்டனில் அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டு சென்றார். பாராமட்டாவில் பெண்களுக்கான புதிய கட்டடம் 1821 இல் திறக்கப்பட்டது.

அக்குடியேற்றங்களில் நன்னடத்தையுள்ள கைதிகளுக்கு விடுப்புச்சீட்டு என்னும் ஆவணம் வழங்கப்பட்டது. சீட்டுப் பெற்றவர் தண்டனைக் காலம் முடியுமுன்னரே கூலிக்கு வேலை செய்து தனியே வாழலாம். ஆனால் குறித்த மாவட்டத்தை விட்டு வெளியேறக் கூடாது. நீதிபதி முன் குறித்த காலத்தில் தோன்ற வேண்டும். தவறினால் சீட்டு பறிக்கப்படும். இன்றைய பரோல் முறையின் முன்னோடிகளுள் ஒன்றாக இது கருதப்படுகின்றது. கையில் ஒரு தொழிலும் சிறிது பணமும் இன்றிக் கரையிறங்கிய பெண்ணுக்கு இத்தகைய நிபந்தனைகளைக் காப்பாற்றுவது கடினம். கப்பலில் தரப்பட்ட ஊசியும் துணியும் அந்நிலையில் பெரிய உதவியாக இருந்தன.

1841 இல் ராஜா என்னும் கப்பலில் ஏறத்தாழ 180 பெண்கள் ஹோபார்ட் நகருக்கு அனுப்பப்பட்டபோது, கெசியா ஹேட்டர் என்னும் இளம்பெண் மேற்பார்வையாளராக உடன் சென்றார். லண்டனின் மில்பேங்க் சிறையில் பணியாற்றிய அனுபவம் அவருக்கு இருந்தது. பயணத்தின்போது கைதிகள் 2,800 க்கும் மேற்பட்ட துணித்துண்டுகளை இணைத்து ஒரு பெரிய போர்வையைத் தைத்தனர். தங்களுக்குத் துணிகளை அளித்த பெண்கள் குழுவுக்கு நன்றி தெரிவிக்கும் வாசகத்தையும் அதில் தைத்தனர். நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த இப்போர்வை 1980 களில் ஸ்காட்லாந்தில் கண்டெடுக்கப்பட்டு, ஆத்திரேலியாவின் தேசிய ஓவியக்கூடத்தில் சேர்க்கப்பட்டது.

சட்டமும் நூலும்

1821 இல் நாடெங்கும் தோன்றிய உள்ளூர்ச் சங்கங்களை இணைத்துப் பெண் கைதிகளின் சீர்திருத்தத்துக்கான பிரித்தானியப் பெண்கள் சங்கம் அமைக்கப்பட்டது. 1823 இல் உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல் கொண்டுவந்த சிறைச்சாலைச் சட்டம், பெண் கைதிகளுக்குப் பெண் காவலர்களை நியமிக்க வேண்டும் என விதித்தது. எலிசபெத் வலியுறுத்திய கொள்கை இதனால் சட்டத்தில் இடம்பெற்றது. ஆனால் மாவட்டச் சிறைகளுக்கும் சில பெரிய நகரச் சிறைகளுக்கும் மட்டுமே இச்சட்டம் பொருந்தியது. கடனாளிகளின் சிறைகளும் சிறு நகரச் சிறைகள் பலவும் விடுபட்டன. சட்டம் நடைமுறைப்படுத்தப்படுகின்றதா என்று பார்வையிட அரசு ஆய்வாளர்களும் 1835 வரை இல்லை.

1827 இல் பெண் கைதிகளைக் காணுதல், மேற்பார்வையிடுதல், நிர்வகித்தல் பற்றித் தம் கருத்துகளை எலிசபெத் ஒரு சிறுநூலாக வெளியிட்டார். மேற்பார்வைக்கு வரும் பெண்கள் தீர்ப்பளிப்பவரின் மனநிலையோடு அன்றி இரக்கத்தோடு வரவேண்டும் என்று அந்நூல் வலியுறுத்தியது. கைதி செய்த குற்றத்தைப் பற்றித் துருவி விசாரிப்பதை அவர் விரும்பவில்லை. பெண் அலுவலர் துணையின்றி ஆண் அலுவலர் பெண்கள் பகுதிக்குள் செல்லக் கூடாது என்பதும் அவருடைய நிலைப்பாடாகும்.

விடுதலைக்குப் பின்

சிறையில் திருந்திய பெண் வெளியே வந்ததும் உணவும் உறைவிடமும் இன்றி மீண்டும் பழைய வழிக்கே திரும்புவதை எலிசபெத் பலமுறை கண்டார். எனவே விடுதலையான பெண்களுக்கான தங்குமிடங்களை அமைப்பதில் சங்கம் ஈடுபட்டது. 1820 களில் லண்டனின் டாட்ஹில் ஃபீல்ட்ஸ் பகுதியில் அத்தகைய விடுதி ஒன்று சில பெண்களுடன் தொடங்கப்பட்டது. தவறான வழிக்குச் செல்லும் நிலையிலிருந்த சிறுமியருக்காக 1825 இல் செல்சியில் ஒரு பள்ளியும் தொடங்கப்பட்டது. இவ்விடங்களில் தங்கிய பெண்கள் வீட்டுவேலையும் தையலும் பயின்று, நற்சான்றுடன் வேலைக்கு அனுப்பப்பட்டனர்.

ஜெர்மானியப் பாதிரியார் தியோடர் ஃபிளிட்னர் 1824 இல் இங்கிலாந்து வந்தபோது எலிசபெத்தின் பணியை அறிந்தார். அதன் தூண்டுதலால் 1833 இல் ரைன் ஆற்றங்கரையிலுள்ள கைசர்ஸ்வெர்த்தில், தம் தோட்டத்துச் சிறு வீட்டை விடுதலையான பெண் கைதிகளுக்குத் தங்குமிடமாக்கினார். அங்கு பின்னர் வளர்ந்த செவிலியர் நிறுவனத்தை 1840 இல் எலிசபெத் நேரிற் கண்டார். அதே ஆண்டில் லண்டனில் செவிலியர் பயிற்சிக்கான நிறுவனம் ஒன்றையும் இவர் தொடங்கினார்.

பொருள் இழப்பும் விமரிசனங்களும்

1828 நவம்பரில் ஜோசப் ஃபிரையின் வங்கி முறிந்தது. கடனைத் திருப்பிச் செலுத்த இயலாமை குவேக்கர்களிடையே பெருங்குற்றமாகக் கருதப்பட்டதால், ஜோசப் சமயக் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். பிளாஷெட் இல்லம் கைவிட்டுப் போயிற்று. குடும்பம் 1829 இல் வெஸ்ட் ஹாமின் அப்டன் லேனில் இருந்த சிறிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. வங்கியின் பணம் எலிசபெத்தின் அறப்பணிகளுக்குச் செலவிடப்பட்டது என்ற வதந்தியும் பரவியது. கர்னி சகோதரர்களின் பொருளுதவியால் அவருடைய பணி தொடர்ந்தது.

குடும்பத்தைப் புறக்கணித்துப் பொதுவாழ்வில் ஈடுபட்டார் என்ற குறைகூறலும் வாழ்நாள் முழுதும் இவரைத் தொடர்ந்தது. பிள்ளைகள் அடிக்கடி உறவினர் வீடுகளில் வளர்ந்தனர். அவர்களுட் பலர் வளர்ந்தபின் குவேக்கர் குழுவை விட்டு விலகினர். இதுபற்றிய மனவருத்தத்தை எலிசபெத் தம் நாட்குறிப்புகளில் பதிவு செய்துள்ளார்.

அவருடைய முறையைப் பற்றியும் விமரிசனங்கள் இருந்தன. வாரந்தோறும் நியூகேட்டில் அவர் விவிலியம் வாசிப்பதைக் காண உயர்குடியினரும் வெளிநாட்டினரும் அனுமதி பெற்று வந்தனர். கைதிகள் காட்சிப் பொருளாயினர் என்று இது குறைகூறப்பட்டது. 1835 இல் நியமிக்கப்பட்ட அரசுச் சிறை ஆய்வாளர்களான வில்லியம் கிராஃபோர்டு, விட்வொர்த் ரஸ்ஸல் ஆகிய இருவரும் நியூகேட்டின் நிலையைக் கடுமையாகச் சாடினர். பெண்கள் சங்கத்தின் நற்பணியை ஏற்றுக்கொண்டாலும், பார்வையாளர் கூட்டம் ஒழுங்கைக் குலைப்பதாகக் கருதினர். கைதிகளைப் பகலும் இரவும் தனித்தனி அறைகளில் அடைத்து வைக்கும் முறையே சிறந்தது என்பது அவர்களுடைய கொள்கை. இரவில் தனித்து உறங்குவதை எலிசபெத் ஆதரித்தார். ஆனால் பகலிலும் மனிதத் தொடர்பின்றி அடைத்து வைப்பது மனத்தைச் சிதைக்கும் என்றும், வெளியுலகில் வாழ அவர்களைத் தகுதிப்படுத்தாது என்றும் வாதிட்டார். 1835 இல் பிரபுக்கள் அவைக் குழுவின் முன்னும் அவர் சாட்சியம் அளித்தார். ஆயினும் அடுத்த பத்தாண்டுகளில் அரசு தனியறை முறையையே தெரிவு செய்தது. அம்முறைக்கென்று கட்டப்பட்ட பென்டன்வில் சிறை 1842 இல் திறக்கப்பட்டது. கைதிகளின் ஒப்புதலைக் கேட்டுத் தொடங்கிய நியூகேட் முறை நாட்டின் பொதுமுறையாகவில்லை.

இறுதிக் காலம்

1838 முதல் எலிசபெத் பிரான்சு, பெல்ஜியம், ஹாலந்து, பிரஷ்யா, டென்மார்க் முதலிய நாடுகளுக்குப் பயணம் செய்து சிறைகளைப் பார்வையிட்டார். 1842 ஜனவரியில் இங்கிலாந்து வந்த பிரஷ்ய மன்னர் நான்காம் ஃபிரெடரிக் வில்லியம், நியூகேட்டில் அவருடைய வாசிப்பைக் கேட்டபின் அப்டன் லேன் வீட்டில் விருந்துண்டார். 1843 க்குப் பின்னர் எலிசபெத்தின் உடல்நலம் குன்றியது. 1845 அக்டோபர் 12 அன்று ராம்ஸ்கேட் என்னும் கடற்கரை ஊரில் காலமானார். பார்க்கிங்கில் உள்ள குவேக்கர் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். இவருடைய நாட்குறிப்புகளையும் மடல்களையும் தொகுத்து, மகள்மார் இருவர் 1847 இல் வாழ்க்கை வரலாறாக வெளியிட்டனர்.

தாக்கம்

எலிசபெத்தின் நினைவாகச் சிலை ஒன்றை அமைப்பதற்குப் பதிலாக, விடுதலையான பெண்களுக்குத் தங்குமிடம் அமைக்க நிதி திரட்டப்பட்டது. இத்தங்குமிடம் 1849 இல் லண்டனின் ஹாக்னி பகுதியில் திறக்கப்பட்டது. 1907 இல் பிரித்தானிய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், குற்றவாளிகளைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விடுவதற்கு வழிசெய்தது. அதன் பின்னர் இவ்வில்லம் படிப்படியாக நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்ட இளம்பெண்களுக்கான விடுதியாக மாறியது. 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது ரெடிங் நகருக்கு இடம்பெயர்ந்து, நிபந்தனையுடன் விடுவிக்கப்பட்ட பெண்கள் கண்காணிப்பில் தங்கும் இல்லமாகச் செயற்பட்டது.

ஐக்கிய அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 1873 இல் திறக்கப்பட்ட பெண்கள் சிறை, அந்நாட்டில் பெண்களுக்கெனத் தனியே அமைந்து பெண்களால் நிர்வகிக்கப்பட்ட முதலாவது சிறையாகும். அதன் முதல் கண்காணிப்பாளரான சாரா ஸ்மித்தும் குவேக்கரே. கனடாவில் எலிசபெத் ஃபிரை பெயரிலான முதற் சங்கம் 1939 இல் வான்கூவரில் தொடங்கப்பட்டது. பின்னர் வேறு நகரங்களிலும் இத்தகைய சங்கங்கள் தோன்றின. நீதிமன்றத்தில் துணைநிற்றல், பிணையில் வந்த பெண்களுக்கு உதவுதல், பரோலில் வந்தவர்களுக்கு விடுதி நடத்துதல் ஆகியவற்றை இச்சங்கங்கள் மேற்கொண்டன.

நியூகேட் சிறை 1902 இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் 1907 இல் எழுந்த மத்தியக் குற்றவியல் நீதிமன்றத்தில் எலிசபெத்தின் பளிங்குச் சிலை உள்ளது. 2002 மே மாதத்தில் இங்கிலாந்து வங்கி வெளியிட்ட ஐந்து பவுண்டு தாளில், நியூகேட்டில் கைதிகளுக்கு அவர் வாசித்துக் காட்டும் காட்சி அச்சிடப்பட்டது. இத்தாள் 2017 மே மாதம் வரை புழக்கத்தில் இருந்தது. போலித்தாள் வழக்கில் ஹாரியட் ஸ்கெல்டனின் உயிரைக் காக்குமாறு 1818 இல் அவர் முறையிட்டுத் தோற்றதும் இதே வங்கியிடம்தான்.